சிறுத்தைக்குச் சோறு போட்டவர்

வனத்துறையில் வாட்சராக இருந்து சீரழிந்த என் இனத்தாருக்குத் தெரியும்: காட்டில் யானை, புலி எதுவும் நம்மைக் கேள்வி கேட்காது, ஊருக்குள் கால் வைத்தால்தான் வம்பு.

தர்மப் பிரபு

ஓவேலிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளை ஒட்டி முருகேசன் கோழிக்கடை வைத்திருந்தார். குடலும் தலையும் கடைக்குப் பின்னால் தேயிலைக்குள் போய் விழும். அதைத் தின்று தெருநாய்கள் கொழுத்தன, குட்டி போட்டுப் பெருகின. நாய் பெருத்த இடத்தைச் சிறுத்தை விடுமா? ஒவ்வொன்றாகத் தூக்கிப் போக ஆரம்பித்தது. கழிவைக் குழி வெட்டிப் புதையுங்கள் என்று முருகேசனைக் கும்பிடாத குறையாகக் கேட்டேன்.

"வாயில்லா ஜீவனுக்குப் போடறது புண்ணியமுங்க. மண்ணுல புதைச்சா யாருக்கு என்ன பிரயோஜனம்?"

கூண்டுக்குள் யார்?

சிறுத்தையைப் பிடிக்கச் சொல்லி ரோடு மறியல் நடந்தது. முதல் வரிசையில் நம்ம முருகேசன்தான்! அந்த லைனில் கொழுந்து பறிக்கும் சரோஜாக்காவும் வந்திருந்தார். அவருக்கு மூன்று ஆடுகள். மகளை நர்சிங் படிக்க வைக்க அவற்றைத்தான் நம்பியிருந்தார். அவர் பயந்ததில் நியாயம் இருந்தது.

கூண்டு வந்தது. உள்ளே இரையாகக் கட்ட ஆடு தர ஆளில்லை. சரி, நாயைக் கட்டலாம் என்றேன். முருகேசனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஐயோ, பாவமுங்க அது! உங்க ஆபீசர் ஊட்டு ஆட்டைக் கொண்டாந்து கட்டுங்க."

காலி இடம்

ஒருவழியாகச் சிறுத்தை சிக்கியது. தூரத்துக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். ஊரில் பட்டாசு, எனக்கு மாலை. பெரிய சிறுத்தை ஒன்று இருக்கும்வரை இன்னொன்றை அந்தப் பக்கம் அண்ட விடாது. அதை அப்புறப்படுத்தினால் வாடகைக்கு இடம் இருக்கிறது என்று போர்டு மாட்டியதாகத்தான் அர்த்தம். இதை நான் சொன்னபோது கேட்க நாதியில்லை. சில நாளில் புதிதாக ஒன்று வந்தது. இளசு, நாயோடு நிற்கவில்லை. பட்டப்பகலில் சரோஜாக்காவின் ஆடு ஒன்றைத் தூக்கிவிட்டது. அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. திட்டாமல் கெஞ்சினார், அதுதான் எனக்கு வலித்தது.

"ஏனுங்க, அந்தப் பழைய சிறுத்தையையே திருப்பிக் கொண்டாந்து உடுங்க. அது நாயோட நிறுத்திக்கிச்சு."

கடப்பாரை

மறுநாள் சரோஜாக்கா லைன் பெண்களைக் கூட்டிக்கொண்டு கடை முன்னால் நின்றார். குழி வெட்டும்வரை ஒருத்தரும் கறி வாங்க மாட்டோம் என்றார். புண்ணியவான் அன்றைக்கே கடப்பாரையைத் தூக்கினார். கழிவு நின்றது. நாய்கள் வேறு கடைவீதி பார்த்துப் போயின. சிறுத்தையும் காட்டுப்பன்றியைத் தேடிக் காட்டுக்குள் போனது. மிச்ச இரண்டு ஆடுகளும் பிழைத்தன, எனக்கும் மூச்சு வந்தது. முருகேசன் என்னை வழியில் நிறுத்தினார்.

"நான் குழி வெட்டினதுக்கு அப்புறம்தானுங்க சிறுத்தை போச்சு. இவ்வளவு வருஷ சர்வீசு, இது உங்களுக்குத் தோணலீங்களா?"

புல்லை ஆடு தின்னும், ஆட்டைச் சிறுத்தை தின்னும் என்று படம் போட்டுக் காட்டும் பாடப் புத்தகத்தில், வாட்சரின் உயிரை எடுப்பது எது என்று மட்டும் ஏனோ போடவில்லை.