முழங்கைக்கு அடியில் என் கை

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு புரட்டாசி மாதத்தில் நடந்தது இது. கொல்லிமலையில் குண்டூர் நாட்டுப் பக்கம் எங்கள் ஊர். மரவள்ளியும் மிளகும்தான் பிழைப்பு. என் மகளுக்கு அப்போது எட்டு வயது.

அந்த வருடக் கோடையில்தான் அவளுக்குக் கண் இமை ஊதா நிறமாகி, விரல் முட்டிகளில் சிவப்பாகத் தடித்தது. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். பிறகு பஸ் படியில் காலைத் தூக்கி வைக்கவே முடியாமல் போயிற்று. கீழே பெரிய ஆஸ்பத்திரியில்தான் தசை அழற்சி என்றார்கள். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே ஆள் தெரியாமல் தசையைத் தாக்குகிறதாம். குழந்தைகளுக்கு அபூர்வமாக வரும், மருந்தில் கட்டுக்குள் வரும் என்றார்கள். அந்தக் கடைசி வார்த்தை மட்டும்தான் என் காதில் ஏறியது.

இந்த நோய் வந்த பிள்ளைகள் எப்படித் தேறுகிறார்கள் என்று அங்கே ஓர் ஆய்வு நடந்தது. எங்களையும் அதில் சேர்த்து ஒரு நோட்டு கொடுத்தார்கள். தரையிலிருந்து எழுந்தாளா, தலை சீவினாளா, படி ஏறினாளா என்று பார்த்து, தினமும் ‘தானாக’ அல்லது ‘உதவியுடன்’ என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். நான் பன்னிரண்டாவது வரை படித்தவள். ஒரு நாள் விடாமல் போட்டேன். இரண்டே மாதத்தில் எல்லாம் ‘தானாக’. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஆனால் ஆஸ்பத்திரியில் என்னை வெளியே உட்காரவைத்துவிட்டுச் சோதித்தால், பிள்ளையால் எழவே முடியவில்லையாம். நோட்டை நம்பி மருந்தைக் குறைப்பதா, சோதனையை நம்பிக் கூட்டுவதா என்று ஆய்வை நடத்திய டாக்டரம்மாவுக்குக் குழப்பம். மலைப்பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்த களைப்போ என்று நினைத்தவர், பிசியோதெரபி தம்பியையும் கூட்டிக்கொண்டு மலைக்கே கிளம்பி வந்துவிட்டார்.

எங்கள் பஸ் நிறுத்தமான சோளக்காடு ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது இருவர் முகமும் வெளிறிக் கிடந்தது. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடி அந்தத் தம்பி, "அக்கா, பாப்பாவ அப்புறம் பாக்கலாமுங்க. இப்ப எனக்குத்தான் நடக்க முடியல" என்றார். என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

வீட்டில் பாயில் உட்காரவைத்து, "எந்திரி கண்ணு" என்றார்கள். எழுந்தாள்! வெற்றியோடு டாக்டரைப் பார்த்தேன். அவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது மகளின் முழங்கைக்கு அடியில் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அது எப்போது அங்கே போனது என்று எனக்குத் தெரியாது.

"எங்கம்மா தெனமும் இப்புடித்தானுங்க புடிக்கும்" என்று போட்டுக் கொடுத்தாள் மகள்.

"கையைப் பின்னாடி கட்டிக்கங்க" என்றார் டாக்டர். கட்டிக்கொண்டேன். இரண்டு முறை முயன்று, பாயிலேயே சரிந்தாள் பிள்ளை. எனக்கு அழுகை முட்டியது. என் நோட்டை நம்பி மருந்தைக் குறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

"நான் பொய் எழுதலீங்க டாக்டர்" என்றேன்.

"பொய்யின்னு யாருங்க சொன்னது? புள்ள பலத்தோட உங்க பலத்தையும் சேத்து எழுதிட்டீங்க, அவ்வளவுதான்" என்று சிரித்தார்.

அந்த வாரமே மருந்து மாறியது. வாரம் ஒரு ஊசியும் சேர்ந்தது. வெயிலுக்கு முழுக்கைச் சட்டை, தொப்பி, அந்தத் தம்பி சொல்லித்தந்த பயிற்சிகள். பரீட்சையில் பிள்ளைக்கு விடை காட்டியவள் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லி என் மானத்தை வாங்கினார். நோட்டில் ‘உதவியுடன்’ நிறைந்தது. ஒவ்வொரு டிக்கும் குத்தியது, ஆனாலும் உள்ளதைப் போட்டேன். மாசியில் ஒன்றிரண்டு ‘தானாக’ தலைகாட்டியது. இந்த முறை என் இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால்தான்.

பங்குனியில் ஒரு காலை, சோதனைக்குப் போகச் சோளக்காட்டில் பஸ்ஸுக்கு நின்றோம். என் ஒரு கையில் பை, மறு கையில் டாக்டரம்மாவுக்கு வாழைச்சீப்பு. மகள் கம்பியைப் பிடித்தாள், ஒரு காலை வைத்தாள், மறு காலை வைத்தாள். மேலே போயே விட்டாள்! நான் அழுவதைப் பார்த்த கண்டக்டர், "ஏனுங்க, நாமக்கல்லுக்குத்தானுங்க போறோம், எதுக்கு அழுவறீங்க?" என்றார். படியில் நின்று திரும்பிய மகள் கையை நீட்டினாள்.

"ஏறும்மா, நான் புடிச்சுக்கறேன்."

அன்று அவளுக்கு ‘தானாக’ என்று டிக் போட்டேன். எனக்கென்று ஒரு கட்டம் இருந்திருந்தால் ‘உதவியுடன்’ என்று போட்டிருப்பேன். இப்போது தன் தலையைத் தானே சீவிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். வகிடு கோணல்மாணலாகத்தான் இருக்கிறது. சரிசெய்யத் துடிக்கும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அந்தக் கோணல் வகிடு ரோட்டுத் திருப்பத்தில் மறையும்வரை பார்த்து நிற்பதுதான், எனக்குத் தினமும் கிடைக்கிற சந்தோஷம்.