சாய்வெண்கள் பற்றிய பன்னிரண்டு தேற்றங்கள்

மார்ச் 27, பள்ளி இறுதித் தேர்வு, கணிதம்: 100.
நவம்பர் 3, கல்லூரி முதல் பருவம்: 11.
ஏப்ரல் 20, இரண்டாம் பருவம்: 38.
நவம்பர் 8, மூன்றாம் பருவம்: 71.
ஏப்ரல் 17, நான்காம் பருவம்: 84.
நவம்பர் 5, ஐந்தாம் பருவம்: 93.
ஏப்ரல் 26, ஆய்வேட்டு நேர்காணல்: மதிப்பெண் வழங்கப்படவில்லை.

இவை எல்லாம் ஒரே பெண் வாங்கியவை. வீட்டில் அவளுக்குப் பட்டன் என்று பெயர். வைத்தவர் அவள் அப்பா. அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட்டுகளுக்கு எண்ணெய் போட்டவர், குடியிருந்ததோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நான்காம் மாடியில். அவளுக்கு ஏழு வயதிருக்கும்போது, சாப்பிட்டுக்கொண்டே, "முப்பத்தேழ பதினாறால பெருக்கு" என்று விளையாட்டாகக் கேட்டார். தண்ணீர் டம்ளரைக் கீழே வைக்காமலே, "ஐந்நூத்துத் தொண்ணூத்திரண்டு" என்றாள். அப்பா எழுந்து போய்க் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டு வந்து, "அமுக்குனா வருதுடி! பட்டன் மாதிரி!" என்று அம்மாவிடம் கத்தினார். அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் ஆளுக்கு ஒரு கணக்கு அமுக்கிவிட்டுத்தான் போவார்கள்.

கல்லூரியில் என்ன படிப்பது என்ற பேச்சு வந்தபோது, அவள் தூய கணிதம் என்றாள். அன்று அத்தை வீட்டு மாமாவும் இருந்தார். டயர் கடை வைத்திருப்பவர். கணக்கு எழுத நம்பிக்கையான ஆள் இல்லை என்பது அவருடைய தீராத குறை.

"தூய கணிதமா? அப்ப நான் கடைல போடறது என்ன, அழுக்குக் கணக்கா?"

"இல்ல மாமா, அது எதுக்கும் பயன்படணும்னு இல்லாம, அதுக்காகவே படிக்கிறது."

"கேட்டியா மச்சான்? எதுக்கும் பயன்படாதாம். அவளே சொல்லிட்டா."

அப்பா சிரிக்கவில்லை. கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. மூன்று வருடம் படிக்கலாம். எல்லாவற்றிலும் தேறினால் மேலே எதைப் படித்தாலும் யாரும் தடுக்கப் போவதில்லை. மூன்றாம் வருட முடிவில் எதிலாவது தேறாமல் நின்றால், மறுபேச்சில்லாமல் மாமா கடையில் நாற்காலி. பட்டன் உடனே ஒப்புக்கொண்டாள். கணக்கில் தோற்பது என்பது அவள் வரையில் தண்ணீரில் மீன் மூழ்கிப்போவது மாதிரி.

முதல் பருவத் தேர்வில் ஒரு கேள்வி வந்தது. ஓர் எண்ணை எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, அதே எண்ணைக் கூட்டி, மேலே நாற்பத்தொன்றையும் கூட்டினால் எப்போதும் பகா எண்தான் கிடைக்குமா? பட்டன் மனக்கணக்காகவே ஒன்றிலிருந்து முப்பது வரை போட்டுப் பார்த்தாள். நாற்பத்து மூன்று, நாற்பத்தேழு, ஐம்பத்து மூன்று என்று ஒவ்வொன்றும் பகா எண். முப்பதையும் வரிசையாக எழுதி, "ஆம், எப்போதும்" என்று முடித்தாள். மற்றக் கேள்விகளிலும் அப்படித்தான். விடையை எழுதினாள், கீழே கோடு போட்டாள்.

விடைத்தாள் திரும்பி வந்தபோது அந்தப் பக்கத்தில் சிவப்பு மையில் "40" என்று மட்டும் இருந்தது. தனக்குக் கிடைத்த மதிப்பெண் என்று நினைத்து முதலில் சந்தோஷப்பட்டாள். பிறகு நாற்பதைப் போட்டுப் பார்த்தாள். ஆயிரத்து அறுநூற்று எண்பத்தொன்று. நாற்பத்தொன்றை நாற்பத்தொன்றால் பெருக்கினால் வருவது. பகா எண் இல்லை.

முதல் பக்கத்தைத் திருப்பினாள். மொத்தம் பதினொன்று. யாருடைய தாளோ மாறி வந்துவிட்டது என்று பெயரைப் பார்த்தாள். அவளுடையதுதான்.

தாளைத் திருத்திய பேராசிரியை ஈவிரக்கம் இல்லாதவர் என்று பெயர் எடுத்தவர். ஆனால் யாரையும் உட்கார வைத்துத்தான் பேசுவார். "உக்காரும்மா. முப்பது தடவை சரியா வந்துச்சு, அதனால எப்பவும் சரியா வரும்னு எழுதியிருக்க. உதாரணம் சாட்சி சொல்லாது. லட்சம் உதாரணம் குடுத்தாலும் நிரூபணம் ஆகாது. புரியுதா?"

"புரியுது மேடம்."

"இது முதல் பருவம், திரும்ப எழுதிக்கலாம். இறுதி ஆண்டுல அந்த வசதி கிடையாது."

அவளுக்குப் புரிந்தது, அளவுக்கு மீறியே புரிந்துவிட்டது. அன்றோடு எண்களை விட்டாள். குடியை விட்டவன் கடைத் தெருப்பக்கமே போகாததுபோல, எண்கள் இருந்த பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை. எழுத்துகளும் நிபந்தனைகளும் நிரூபணங்களும் மட்டும்தான். அப்பா சாப்பாட்டு வேளையில், "அறுபத்து மூணு இண்ட்டு இருபத்தொம்பது?" என்று அமுக்கினால், "அதெல்லாம் கணிதம் இல்லப்பா" என்பாள். அப்பா முகம் சுருங்கிப்போகும். தோற்ற முதல் இரண்டு பருவங்களையும் திரும்ப எழுதித் தேறினாள்; அதன் பிறகு மதிப்பெண்கள் ஏறிக்கொண்டே வந்தன.

இறுதி ஆண்டில் ஆய்வேடு எழுத வேண்டும். பட்டனே ஒரு வகை எண்களை வகுத்தாள். மூன்று நிபந்தனைகள், மூன்றும் எழுத்துகளால் ஆனவை, பார்க்க அத்தனை லட்சணம். அவற்றை நிறைவு செய்யும் எண்களுக்குச் சாய்வெண்கள் என்று பெயரும் வைத்தாள். பிறகு தேற்றங்கள் கொட்ட ஆரம்பித்தன. எந்தச் சாய்வெண்ணையும் நான்கால் வகுத்தால் மீதி மூன்று வரும் என்பது இரண்டாம் தேற்றம். ஒரு சாய்வெண்ணின் காரணிகளை எல்லாம் கூட்டி நான்கால் வகுத்தால் மீதி இரண்டு வரும் என்பது ஒன்பதாம் தேற்றம். இப்படிப் பன்னிரண்டு. ஒவ்வொரு நிரூபணத்தையும் பேராசிரியை வரிவரியாகப் பார்த்தார். ஓர் ஓட்டை கிடைக்கவில்லை. "இவ்வளவு வரும்னு நான் எதிர்பாக்கல" என்று அவர் வாயாலேயே சொன்னார். வகுப்புத் தோழி நெட்டை பொறாமையை மறைக்கவே இல்லை. "உனக்கு மட்டும் எங்கடி கிடைக்குது இப்படி? எனக்கு ஒரு தேற்றத்துக்கே மூச்சு வாங்குது."

நேர்காணல் மூன்றாம் மாடியில் ஒரு சின்ன அறையில் நடந்தது. ஒரு மேசை, நான்கு நாற்காலி, கரும்பலகை. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளருக்கு ஜலதோஷம். வாயில் மிட்டாய் போல ஏதோ மாத்திரையை அடக்கியபடி, பட்டன் பேசியதை எல்லாம் கண்ணை மூடிக் கேட்டார். பன்னிரண்டாம் தேற்றம் முடிந்ததும் கண்ணைத் திறந்தார்.

"ரொம்ப நல்லா இருக்கும்மா. ஒண்ணு சொல்லுங்க."

"எதுல சார்?"

"உங்க சாய்வெண்ல ஒண்ணு. சின்னதா இருந்தாலும் போதும். ஞாபகம் வச்சுக்கத்தான்."

பட்டன் பேராசிரியை பக்கம் பார்த்தாள். பேராசிரியை ஆய்வேட்டைப் புரட்டினார்; முதலிலிருந்து கடைசி வரை, பிறகு கடைசியிலிருந்து முதல் வரை. நாற்பத்தொரு பக்கத்தில் எங்கேயும் ஓர் எண்கூட இல்லை, தேற்றங்களில் வரும் மீதிகளையும் பக்க எண்களையும் தவிர.

"பலகைல போட்டுக் கண்டுபிடிங்க, அவசரமில்ல" என்றார் தேர்வாளர். நிஜமாகவே அவருக்கு அவசரமில்லை. இன்னொரு மாத்திரையை உரித்துக்கொண்டிருந்தார்.

நான்கால் வகுத்தால் மூன்று மீதி வரவேண்டும். பட்டன் மூன்றில் ஆரம்பித்தாள். காரணிகள் ஒன்று, மூன்று, கூட்டினால் நான்கு. மீதி இரண்டு வரவேண்டிய இடத்தில் சுழியம். ஏழுக்கு எட்டு. பதினொன்றுக்குப் பன்னிரண்டு. பதினைந்துக்கு ஒன்று, மூன்று, ஐந்து, பதினைந்து; கூட்டினால் இருபத்து நான்கு. இருபத்தேழுக்கு நாற்பது. எல்லாமே மீதியில்லாமல் நான்கில் அடங்கின. முப்பத்தைந்துக்கு வந்தபோது சாக்பீஸ் தானாக நின்றுவிட்டது.

முப்பத்தைந்தின் காரணிகளை அவள் ஜோடியாக எழுதியிருந்தாள். ஒன்றும் முப்பத்தைந்தும், ஐந்தும் ஏழும். எந்த ஜோடியைப் பெருக்கினாலும் அதே எண்தான் வரும். அந்த எண்ணுக்கு மீதி மூன்று என்றால், ஜோடியில் ஒருவருக்கு மீதி ஒன்றாகவும் மற்றவருக்கு மூன்றாகவும் இருந்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை. ஒன்றும் மூன்றும் நான்கு. ஆக ஜோடி ஒவ்வொன்றும் நான்கில் அடங்கும். மொத்தமும் அடங்கும். இரண்டு மீதி வரவே வராது. முப்பத்தைந்துக்கு மட்டும் இல்லை. எதற்குமே.

அவளுடைய இரண்டாம் தேற்றம் சரி. ஒன்பதாம் தேற்றமும் சரி. இரண்டும் சேர்ந்து ஓர் எண்ணைக்கூட உயிரோடு விடவில்லை.

"சார்," என்றாள். "இல்ல சார். ஒண்ணுகூட இல்ல."

தேர்வாளர் மாத்திரையை உறிஞ்சுவதை நிறுத்தினார். பேராசிரியை எழுந்து பலகைக்குப் பக்கத்தில் வந்து, ஜோடிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். விரலெல்லாம் சுண்ணாம்பு. "அட கடவுளே" என்றார், மிக மெதுவாக. அந்தக் கட்டடத்தில் யாரும் அவரிடமிருந்து அப்படி ஒரு சொல்லைக் கேட்டதில்லை.

நடைபாதையில் நெட்டை காத்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் முதலில் நம்பவில்லை. நம்பியதும் சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"சிரிக்காதடி, செத்துருவேன்."

"இல்லடி, உன் தேற்றம் எதுவும் தப்பே இல்லையே! எங்க வீட்டு யானைக்கெல்லாம் பச்சைக் கண்ணு. வீட்ல யானையே இல்ல. பொய்னு நிரூபி பாப்போம்! நீ பன்னெண்டு யானை வளத்திருக்க, அவ்வளவுதான்."

கதவு திறந்தது. நெட்டையின் சிரிப்பு நின்றது. முடிவைப் பேராசிரியை நின்றுகொண்டே சொன்னார். தவறான வரி ஒன்றும் இல்லாததால் தோல்வி என்று போட முடியவில்லை; சொல்லப்பட்ட பொருளே இல்லாததால் தேர்ச்சி என்றும் போட முடியவில்லை. மே முப்பதுக்குள் திருத்தி எழுதித் தரலாம். பேராசிரியையும் தேர்வாளரும் தனித்தனியாக மதிப்பெண் போடுவார்கள், சராசரி ஐம்பதைத் தொட வேண்டும்.

"நானும் ஒரு எண் போட்டுப் பாக்கலம்மா" என்றார் பிறகு. "அஞ்சு மாசம் படிச்சேன். ஒண்ணுகூடப் போட்டுப் பாக்கல." அவர் முகம், அன்று சிவப்பு மையில் பதினொன்றைப் பார்த்தபோது பட்டனுக்கு இருந்த முகம்.

வீட்டில் சொல்லித்தான் ஆக வேண்டும். மருத்துவமனைத் தொலைபேசி அறையில் வேலை முடித்து அம்மா வந்து, கால் நீட்டி உட்கார்ந்த பிறகு சொன்னாள். அம்மாவுக்கு விளங்கவில்லை. அப்பா நெற்றியைத் தடவிக்கொண்டே கேட்டார். "அப்ப நீ அஞ்சு மாசமா கட்டாத பில்டிங்குக்கு லிஃப்ட் சர்வீஸ் பண்ணிட்டிருந்தியா?"

"ஆமாப்பா."

"கயிறு, கதவு, மோட்டார் எல்லாம் சரியா இருந்துச்சா?"

"எல்லாம் சரியா இருந்துச்சுப்பா."

"பில்டிங்தான் இல்ல."

"இல்லப்பா."

அவருக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. "மாமாகிட்ட நான் இப்ப எதுவும் சொல்லல" என்றார். அது கருணையா, ஒப்பந்தத்தை நினைவுபடுத்துவதா என்று பட்டனுக்கும் தெரியவில்லை. அம்மா மட்டும் தட்டை எடுத்து வைத்துக்கொண்டே, "இல்லாத எண்ணுக்குப் பேரு வேற வச்சிருக்கா" என்றாள்.

வேறு தலைப்பு எடுத்துத் தப்பித்துக்கொள்ளலாம் என்று நெட்டை சொன்னாள். பட்டன் மறுத்துவிட்டாள். முதல் பக்கத்திலேயே, "சாய்வெண் என்று ஒன்று இல்லை" என்று எழுதி, ஜோடிகளை வைத்து நிரூபித்தாள். ஆறு வரி போதுமாக இருந்தது. நாற்பத்தொரு பக்கம் ஆறு வரியாகக் குறுகியதைப் பார்த்து அவளுக்கே தலை சுற்றியது. அதோடு நிறுத்தினால் ஆய்வேடு ஆகாது. மூன்றாம் நிபந்தனையில் ஒரு குறியை மாற்றிப் பார்த்தாள். இப்போது மீதி மூன்றுக்குப் பதில் ஒன்று என்று வந்தது. உடனே ஐந்தைப் போட்டாள். காரணிகளின் கூடுதல் ஆறு. நான்கால் வகுத்தால் மீதி இரண்டு. மற்ற நிபந்தனைகளும் பொருந்தின. பதின்மூன்று, பொருந்தியது. பதினேழும் பொருந்தியது. மேசையை விட்டு எழுந்து சமையலறைக்குப் போய், "அம்மா, அஞ்சு இருக்கும்மா!" என்றாள். "எப்பவும்தானடி இருக்கு" என்றாள் அம்மா.

பழைய பன்னிரண்டு தேற்றங்களில் புதிய எண்களுக்கு நின்றவை ஐந்து. ஏழு விழுந்தன, எதனால் விழுந்தன என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணைக் காட்டி எழுதினாள். மே முப்பதுக்கு ஒரு நாள் முன்பே கொடுத்தும் விட்டாள். அதன் பிறகு வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மாமா ஒருமுறை வந்து, கடைக்குப் புது நாற்காலி வாங்கியிருப்பதாக, யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார்.

கடிதத்தை வாங்கியது அம்மா. நான்கு மாடி ஏறி வந்த மூச்சிரைப்போடு பிரித்தாள். "வெளித்தேர்வாளர் அறுபத்து மூணு. உங்க மேடம்..." நிறுத்தி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி படித்தாள். "நாப்பத்தொண்ணாடி? சொந்த டீச்சரே ஃபெயில் மார்க் போட்டிருக்காங்க!"

"சராசரி ஐம்பத்திரண்டு" என்றாள் பட்டன். சொன்ன பிறகுதான் அதன் பொருள் அவளுக்கு எட்டியது. நாற்காலியைத் தேடிக் கையை நீட்டினாள். அங்கே நாற்காலி இல்லை, தரையிலேயே உட்கார்ந்தாள்.

"பாஸா?" என்றார் அப்பா.

"பாஸ்ப்பா."

"அந்த அம்மாவுக்கு உன்மேல என்ன கோபம்?"

பேராசிரியையின் குறிப்பு கீழே இருந்தது, அதே சிவப்பு மையில். நின்ற ஐந்தில் ஒன்றான நான்காம் தேற்றம் காரணிகளை ஜோடி ஜோடியாகவே எடுத்துக்கொள்கிறது; எண் ஒரு வர்க்கமாக இருந்தால் ஒரு காரணிக்கு ஜோடி கிடைக்காது. அந்த நிலை விடுபட்டிருக்கிறது. பட்டன் படித்தாள். பழைய எண்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. மூன்று மீதி வரும் எண் வர்க்கமாக இருக்கவே முடியாது. ஒன்று மீதி வருவது இருக்கலாம். ஒன்பதைப் போட்டாள். ஒன்று, மூன்று, ஒன்பது. நடுவில் மூன்று தனியாக நின்றது.

"கோபம் இல்லப்பா. அவங்க போட்டுப் பாத்திருக்காங்க" என்றாள். "சரியாத்தான் போட்டிருக்காங்க."

அப்பா புரியாமல் அம்மாவைப் பார்த்தார். அம்மா கடிதத்தைத் திருப்பி, பின்பக்கம் வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தாள். பின்பக்கம் காலி; உறையில் தபால் முத்திரை மட்டும்தான் இருந்தது. கடிதம் வந்த தேதி ஜூன் 14.