ஆயிரத்தெண்ணூறு ரூபாய்த் தவளை

பாவாவின் பிறந்தநாளுக்கு என்ன வாங்கலாம் என்று நான் எழுதிய பட்டியலில் ஏழு பொருள்கள் இருந்தன. சட்டை, கைக்கடிகாரம் என்று ஆறையும் அடித்துவிட்டு ஏழாவதை வாங்கினேன். விரால் மீன் பிடிப்பதற்கான மரத்தவளைப் பொம்மை. கையால் செதுக்கி, கையால் வண்ணம் தீட்டியது. விலை ஆயிரத்தெண்ணூறு ரூபாய்.

பாவா என் அக்காவின் கணவர். ஆர்.கே.பேட்டைப் பக்கம், வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் நான்கு விசைத்தறி ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை தறியை நிறுத்தினால் அடுத்த அரைமணியில் ஏரிக்கரையில் இருப்பார். தண்ணீர்மேல் தவளை போவதைக் கண்டால் விரால் பாய்ந்து கவ்வும். அதனால் தவளைப் பொம்மையில் இரட்டைத் தூண்டில் முள் வைத்து, எறிந்து, விட்டுவிட்டு இழுக்க வேண்டும். பாவாவிடம் ஏற்கெனவே ஒரு ரப்பர் தவளை இருந்தது. கடையில் நூற்றைம்பது ரூபாய். ஒரு கால் பிய்ந்துபோய், அந்த இடத்தில் தறி நூலைக் கட்டி வைத்திருந்தார்.

புதியதின் பெட்டியைத் திறந்தவர் சற்று நேரம் தொடவே இல்லை.

"இன்னாம்மா இது, நக மாதிரி பஞ்சுல வெச்சிக்கிறாங்க?"

அக்கா எட்டிப் பார்த்தாள். "எவ்ளோடி?"

சொன்னேன்.

"ஆயிரத்தெண்ணூறா! அந்தக் காசுக்கு மீனாவே வாங்கினு வந்திருந்தா நாலு நாளைக்குக் கொழம்பு வெச்சிருப்பேன்."

"கையால செஞ்சதுக்கு அப்படித்தான் இருக்கும்" என்றார் பாவா. "எங்க நைனா கைத்தறிப் பொடவைக்கு வெல சொன்னா இப்படித்தான் வாயப் பொளப்பாங்க."

"உங்க நைனா பொடவைய நான் கட்டிக்கலாம். இத இன்னா பண்றது?"

எனக்கு வேலை ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில். ஒரு பொருள் நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், எதோடு ஒப்பிட்டு, எத்தனை முறை பார்த்து என்று கேட்டே பழக்கம். வெர்னியர் அளவுகோலை எடுத்து இரண்டு தவளைகளையும் அளந்தேன். மரத்தவளையின் இரண்டு பக்கமும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருந்தன. தண்ணீர் வாளியில் விட்டேன். ரப்பர் இடப்பக்கம் சாய்ந்தது. மரம் நேராக உட்கார்ந்தது. பொருளில் குறை இல்லை. மீன் என்ன சொல்கிறது என்பதுதான் பாக்கி.

அதற்கு ஒரு நோட்டுப் போட்டேன். ஏரியைப் படமாக வரைந்து, ஒவ்வொரு எறியும் விழுந்த இடத்தில் ஒரு புள்ளி. மீன் கவ்வினால் வட்டம். பிடிபட்டால் வட்டத்துக்குள் பெருக்கல் குறி. நான்கு ஞாயிறு காலையில் திருத்தணியிலிருந்து பஸ் பிடித்துப் போய்க் கரையில் உட்கார்ந்து புள்ளி வைத்தேன். ரப்பர் தவளையைப் பாவா வெளியே எடுக்கவே இல்லை. நான்காவது ஞாயிறு முடியும்போது புள்ளிகள் இருநூறைத் தாண்டியிருந்தன. வட்டம் ஒன்றுகூட இல்லை.

இது வெறும் விளையாட்டாக இருந்திருந்தால் பரவாயில்லை. அக்காவுக்கு ஏழாம் மாதம். ஆடி பிறப்பதற்குள் வளைகாப்பை முடிக்க வேண்டுமென்று புதன்கிழமை நாள் குறித்திருந்தார்கள். அன்றே அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவோம். அங்கே அப்பா ஆடிக் கிருத்திகைக் காவடிக்காக விரதத்தில் இருந்தார். விரத மாலையைக் கழற்றும்வரை வாசற்படிக்குள் மீன் கவிச்சி வராது. அக்காவோ ஒரு மாதமாக விரால் குழம்பு என்ற ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். மார்க்கெட்டில் வாங்கி வந்ததை முகர்ந்து பார்த்துத் தள்ளிவிட்டாள்.

"ஐஸ் மீன் வேணாம். ஏரி வெரால் வேணும். இவரு புடிச்சினு வந்ததுதான் வேணும்."

மீதி இருந்தது ஒரே ஒரு ஞாயிறு. அன்று காலை நான் போனபோது அவள் குழம்புக்கு மசாலாவே அரைத்து முடித்திருந்தாள். புளியும் ஊறிக்கொண்டிருந்தது.

"மீனு இல்லாம வந்தீங்கன்னா" என்றாள் எங்கள் இருவரையும் பார்த்து, "இந்தச் சட்டியில அந்தத் தவளையப் போட்டுக் கொதிக்க வெச்சிடுவேன். ஆயிரத்தெண்ணூறு ரூபா டேஸ்டு எப்படி இருக்குதுன்னு பாக்கலாம்."

ஏரியில் தண்ணீர் மதகுப் பக்கம் மட்டும்தான் நின்றது. நடுவில் தெளிந்த தண்ணீர், அதைச் சுற்றி ஆகாயத்தாமரை, எதிரில் முழுகியும் முழுகாமலும் வேலிக்காத்தான் முள்மரங்கள். நான் பாவாவிடம் ஒன்று கேட்டேன். முதலில் ரப்பரைப் பத்துத் தடவை எறியுங்கள், ஒப்பிட ஏதாவது வேண்டும்.

தூண்டில் நரம்பின் முனையில் ரப்பரைக் கட்டினார். அறுந்த இழையை முடிபோட்டுப் பழகிய கை, நான் பேனா மூடியைத் திறப்பதற்குள் முடிச்சு விழுந்துவிட்டது. எறிந்தார். ஆகாயத்தாமரைக்கு நடுவில் கைக்குட்டை அகலத்தில் இருந்த இடைவெளியில் விழுந்தது. அடுத்தது இலைமேலேயே. அதற்கடுத்தது எட்டியவரை முட்புதர் ஓரம். ஆறாவது எறி ஒரு கிளையில் மாட்டியது. இழுத்தார், நரம்பு அறுந்தது.

"போனா போவுது" என்றார். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை.

பிறகு மரத்தவளையைக் கட்டினார். முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். நின்ற இடத்தை மாற்றிக்கொண்டார். தவளை அழகாகப் பறந்து தெளிந்த தண்ணீரின் நட்ட நடுவில் போய் உட்கார்ந்தது. அங்கே ஒரு புல்கூடக் கிடையாது.

நான் படத்தைப் பார்த்தேன். நான்கு வாரத்துப் புள்ளிகளும் அந்த நடுத் தண்ணீரிலேயே குவிந்திருந்தன. ஒரு மாதமாக என் கையாலேயே வைத்த புள்ளிகள், எனக்குத் தெரியவில்லை.

"பாவா, வெரால் எங்க இருக்கும்?"

"முள்ளுக்கு அடியில. பாசிக்கு அடியில. ஏன்?"

"அப்போ நீங்க ஏன் நடுவுல போடறீங்க?"

அவர் ரீலைச் சுற்றினார். "அங்க போட்டா மாட்டிக்கும்மா. நீ ஆசையா வாங்கிக் குடுத்தது."

"மாட்டட்டும். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"ஆங், நீ கேக்க மாட்டே. என் மனசு கேக்குமா?"

அவர் கையிலிருந்து தூண்டில் ராடை நான் வாங்கிக்கொண்டேன். அதற்கு முன் வாழ்க்கையில் எறிந்ததில்லை. முதல் எறியில் தவளை முன்னால் போகவே இல்லை. பாவாவின் தோளில் கிடந்த துண்டைப் பிடித்துக்கொண்டது.

"நல்ல வேள, துண்டு" என்றார். "அரைக்கு கீழ புடிச்சிருந்தா உங்கக்காவுக்கு யாரு பதில் சொல்றது?"

இரண்டாவது எறி போனது. மரத்தவளை கனமாக இருந்ததால் ரப்பர் எட்டிய தூரத்தையும் தாண்டிப் போய், முள்மரத்தின் தாழ்ந்த கிளைமேல் நரம்போடு தொங்கியது. பாவா கண்ணை மூடிக்கொண்டார். நான் மெதுவாக இழுத்தேன். கிளையிலிருந்து நழுவி, வயிறு கீழே இருக்க, சத்தமில்லாமல் தண்ணீரில் இறங்கியது.

அந்த இடம் வெடித்தது. யாரோ கல்லைத் தூக்கிப் போட்ட மாதிரி ஒரு சத்தம், தவளையைக் காணோம்.

"இழுக்காத! மூணு எண்ணு!"

எண்ணினேன், சத்தமாகவே. மூன்றில் இழுத்தேன். ராடு வளைந்தது, ரீல் என் பேச்சைக் கேட்காமல் பின்னால் ஓடியது, மீன் நேராக மரத்தின் அடிக்குப் போய் நரம்பைச் சுற்றிக்கொண்டது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் பாவா கைலியை மடித்துக் கட்டித் தண்ணீரில் இறங்கியிருந்தார். இடுப்பளவு, மார்பளவு. முள் கீறக் கீறத் திட்டிக்கொண்டே போய்க் கிளைக்கடியில் இரண்டு கையையும் விட்டார்.

"கீதும்மா! கீது! என் தொடையாட்டம் கீது!"

தொடையளவு இல்லை. கரையில் அளந்தேன், ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர். தவளையின் ஒரு கண் போயிருந்தது, முதுகு வண்ணத்தில் பல் தடம். பாவா அதைத் துண்டில் துடைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இப்போதான் இது என்னுது மாதிரி இருக்குது" என்று சொல்லி, உடனே அதே முட்புதருக்குள் குறி பார்த்து எறிந்தார். அன்று இன்னொரு விராலும் வந்தது, சின்னது.

விலைக்குத் தகுமா என்று கேட்பவர்களுக்கு என் நோட்டில் இருப்பது இவ்வளவுதான். அது தூரம் போகிறது, நேராக விழுகிறது, அவ்வளவுக்கும் அது தகும். ஆனால் தொலைந்தாலும் பரவாயில்லை என்று எறிய முடிகிறவர் மட்டும் வாங்கலாம். மற்றவர்களுக்கு ரப்பர்தான் நல்ல தவளை.

மதியம் அக்கா நடுத்துண்டு இரண்டை முடித்து, தலையை எடுத்து வைத்துக்கொண்டாள். யாருக்காவது வேண்டுமா என்று கேட்கவில்லை. பாவா கையில் முள் கீறிய இடத்தில் மஞ்சள் பூசிக்கொண்டு எதிரில் உட்கார்ந்து அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாக்கறீங்க?" என்றாள், விரலைச் சூப்பிக்கொண்டே. "செவ்வாக்கிழம கவிச்சி ஆவாது. புதன் வளைகாப்பு. நாளைக்கு ஒரு நாள்தான் இருக்குது. தறிய எப்போ வேணா ஓட்டிக்கலாம்."

பாவா ராடைத் தேடி எழுந்தார். நான் அலுவலகத்துக்கு ஒருநாள் லீவு சொல்லப் போனை எடுத்தேன்.