நகராத முன் சீட்

எங்க வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தா மூக்கு சிவக்கும். எனக்கு வந்தா வாய் திறக்கும். இதை மொதல்லயே சொல்லிடுறேன். அந்தக் கார் சர்வீஸ் சென்டர்ல போய்க் கேட்டா, என்னையப் பத்தி வேற மாதிரி சொல்லுவாங்க.

அவரு பாத்ரூம்ல வழுக்கி விழுந்து, வலது கால் முட்டிச் சிப்பி ஒடைஞ்சு, ஆபரேஷன் ஆகி, கட்டுப் பிரிச்சிருந்த சமயம். கால் நீட்டினது நீட்டினபடியே நின்னுடுச்சு. மடக்கச் சொன்னா ஊரே கூடுற மாதிரி கத்துவாரு. டாக்டர் பட்டுன்னு சொல்லிட்டாரு: "இந்த ஒரு மாசத்துக்குள்ள மடக்கிப் பழக்கிடணும். விட்டுட்டா அப்புறம் ஆயுசுக்கும் நொண்டித்தான் நடக்கணும்." பிசியோதெரபி மாரெட்பள்ளியில. நாங்க இருக்கிறது அங்கேருந்து ரொம்பத் தூரம், ஏ.எஸ்.ராவ் நகர்ல. ஆட்டோவுல ஏத்தினா ஒவ்வொரு பள்ளத்துக்கும் உயிர் போயிட்டு வருது. வாடகைக் கார்ல போலாம்னா, "தெரியாதவன் பக்கத்துல உக்காந்து என்னால ஊளையிட முடியாது"ன்னுட்டாரு. ஆக, எங்க கார்தான். ஓட்டுறது நான்தான்.

இங்கதான் வினை. அவரு ஆஸ்பத்திரியில இருந்தப்ப, சும்மாதானே கிடக்குன்னு வண்டியை வழக்கமான சர்வீசுக்கு விட்டிருந்தேன். கண்ணாடி மாதிரி பளபளன்னு கொண்டாந்து குடுத்தாங்க. முன்பக்கத்து இடது சீட் மட்டும் டேஷ்போர்டோட ஒட்டிப்போய் நின்னுச்சு. பின்னால தள்ளினா நகரலை. நான் தள்ளி, பக்கத்து வீட்டுக்காரர் தள்ளி, அபார்ட்மென்ட் வாட்ச்மேன் தள்ளி, ம்ஹூம். நீட்டின காலோட அங்க உக்காரணும்னா காலைக் கழட்டிப் பின்னால வச்சாத்தான் உண்டு.

அதனால அவரைப் பின் சீட்டுல குறுக்காச் சாய்ச்சு வச்சுக் கூட்டிட்டுப் போனேன். மொத நாளே, "என்னைய என்ன மோண்டா மார்க்கெட்டுக்குப் போற வாழைத்தார்னு நெனச்சியா?"ன்னு கேட்டாரு. கேட்டாரேன்னு சந்தோஷப்பட்டேன். அடுத்தடுத்த நாள் அதுகூடக் கேக்கலை.

நான் வண்டி ஓட்டக் கத்துக்கிட்ட நாள்லேருந்து அந்த இடது சீட்டு அவரோடது. இல்லாத பிரேக்கை வலது காலால மிதிச்சுக்கிட்டே வருவாரு. "ஏட்டி, பஸ்ஸு! ஏட்டி, எருமை! மெதுவாப் போட்டி, மூதி!" நான் பதிலுக்கு வைவேன். எத்தனையோ வருஷம் இந்தச் சண்டையிலதான் இந்த ஊரைச் சுத்தியிருக்கோம். அந்தப் பக்கத்துக் கால்மிதி மேட் அவரு மிதிச்சு மிதிச்சே தேஞ்சு போச்சு. இப்ப என்னடான்னா, மல்லாந்து கரண்டுக் கம்பியைப் பாத்துக்கிட்டு வர்றாரு. ஒரு நாள் வேணும்னே ஒரு பஸ்ஸை ஒட்டி முந்தினேன். பேச்சே இல்லை. மறுவாரம், "நான் வரலை. காலு எப்படியோ இருந்துட்டுப் போகட்டும், விடு"ன்னு சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டாரு.

சீட்டைச் சரி பண்ணாம இந்த மனுஷனை நகத்த முடியாதுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. கிளம்பினேன்.

அந்த சர்வீஸ் சென்டர் இருக்கே, கல்யாண மண்டபம் தோத்துடும். ஏசி, மெத்து மெத்துன்னு சோபா, காபி மெஷின், தொட்டியில தங்க மீன். உள்ள வர்ற ஒவ்வொரு வண்டி கூரையிலயும் நம்பர் போட்ட, உள்ளங்கை அகலத்துல ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் தொப்பியை வைப்பாங்க. அடியில காந்தம், பச்சக்குன்னு ஒட்டிக்கும். தொப்பி இல்லாத வண்டியை அங்க யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான். டை கட்டின ஒரு தம்பி வந்தான். சர்வீஸ் அட்வைசராம். நான் முழுக்கச் சொல்லி முடிச்சதும், "அயிப்போத்துந்தி மேடம்"னான். தெலுங்குல ஆயிடும்னு அர்த்தம். என்ன ஆகும், எப்ப ஆகும்கிறதெல்லாம் அந்த வார்த்தைக்குள்ள கிடையாது.

சாயங்காலம் வண்டி வந்துச்சு. சீட்டை ஷாம்பு போட்டுக் கழுவி, ரோஜாப்பூ சென்ட் அடிச்சு வச்சிருந்தான். சீட்டு நின்ன இடத்துலயே நின்னுச்சு.

"தம்பி, இது நகரலையே?"

"சீட் கம்ப்ளெயிண்ட்னா கிளீனிங் டிபார்ட்மென்ட்டுக்குத்தான் போகும் மேடம். எவ்ளோ ஃப்ரெஷ்ஷா இருக்கு பாருங்க."

அடப்பாவி. பல்லு வலின்னு போனவனுக்கு முகச் சவரம் பண்ணி அனுப்பின கதைதான். ரெண்டு வார்த்தை நல்லாவே குடுத்துட்டு, மறுநாளே திரும்பக் கொண்டுபோனேன். வாசல்லயே செக்யூரிட்டிக்காரர் மறிச்சுட்டாரு. ஏழாம் நம்பர் தொப்பி ரொம்ப நாளாக் காணோமாம். மேனேஜர் அவரைப் போட்டுக் காய்ச்சுறாராம். "ஏழாம் நம்பரைத் தேடித் தேடியே என் உயிர் போகுது அம்மா"ன்னு ஹிந்தியில புலம்பிக்கிட்டே, என் ஹேண்ட்பேக்கை ஒரு தினுசாப் பாத்தாரு. ஏன்யா, அந்தத் தொப்பியை வச்சு நான் என்ன வடையா சுடப் போறேன்?

அன்னிக்கு அந்த டை தம்பி தானே அந்த சீட்டுல ஏறி உக்காந்து காமிச்சான். ஒல்லிக்குச்சி உடம்பு, மடங்குற முட்டி. காலை மடிச்சு நெஞ்சோட வச்சுக்கிட்டு, "கம்ஃபர்ட்டபிளா இருக்கே மேடம், ப்ராப்ளம் கனபடலேது"ன்னான். ப்ராப்ளம் கண்ணுல படலையாம். "ப்ராப்ளம் வீட்ல சுவத்தைப் பாத்துப் படுத்துக் கிடக்கு. இங்க தூக்கிட்டு வரவா?"ன்னு கேட்டேன். மெக்கானிக் ஒருத்தர் முன்கதவைத் திறந்து, குனிஞ்சு டார்ச் அடிச்சுப் பாத்துட்டுத் தலையை ஆட்டினாரு. அப்புறம் வண்டியைக் கழுவினாங்க. கழுவாம வெளிய விடுறது அவங்க மதத்துக்கே ஆகாது போல.

கிளம்புறப்ப அந்தத் தம்பி குரலைத் தாழ்த்தி, "மேடம், கம்பெனியிலிருந்து போன் வரும், மார்க் கேப்பாங்க. பத்துக்குப் பத்துன்னு சொல்லிடுங்க. ஒன்பது சொன்னாக்கூட எங்களுக்கு ஃபெயில்தான்"னான். நான் பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா. கட்டுரைக்குப் பத்துக்குப் பத்து என் கையிலிருந்து யாரும் வாங்கினதில்லை. போன் வந்துச்சு. கார் சுத்தமா இருந்துச்சா, காபி குடுத்தாங்களா, சிரிச்ச முகமாப் பேசினாங்களான்னு அந்தப் பொண்ணு அடுக்கிக்கிட்டே போச்சு. எல்லாத்துக்கும் ஆமாம்தான் சொல்ல வேண்டியிருந்துச்சு. கோளாறு சரியாச்சான்னு ஒரு கேள்வி வரும் வரும்னு காத்திருந்தேன். வரலை. கடைசியில எத்தனை மார்க்குன்னப்ப, "ஒண்ணு"ன்னேன்.

அதுக்கப்புறம் பாக்கணுமே! சீட்டுக்காக ஒரு போன் பண்ணாதவங்க, மார்க்குக்காகப் பண்ணின போன் கொஞ்சநஞ்சமில்லை. அந்தத் தம்பி, அவனுக்கு மேல இருக்கிறவர், அவருக்கும் மேல இருக்கிறவர். "ஏன் மேடம் இப்படிப் பண்ணிட்டீங்க?"ன்னு சாவு வீட்டுல துஷ்டி கேக்குற குரல்ல கேக்குறாங்க. நேர்ல வாங்க, இந்தத் தடவை நிச்சயமாச் சரி பண்ணிடுறோம்னாங்க.

அதை நம்பித்தான் வீட்டுக்காரர்கிட்டக் கெஞ்சினேன். "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் வாங்க. போற வழிதான். சரி பண்ணலேன்னா நானே பிசியோதெரபிப் பேச்சை எடுக்க மாட்டேன்." அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னதுமே அவரு முகத்துல ஒரு நிம்மதி தெரிஞ்சுச்சு பாருங்க, அதைப் பாத்து எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு.

அவரைப் பின்னால சாய்ச்சுக்கிட்டுப் போய் வாசல்லயே நிறுத்தினேன். டை தம்பி கையில ஒரு கேக்கோட ஓடி வந்தான். மேல 'சாரி'ன்னு க்ரீம்ல எழுதியிருந்துச்சு. "மேடம், சீட் ஃபிரேம் மொத்தமா மாத்தணும். ஆர்டர் போடணும். பார்ட் வர ஒரு மாசம் ஆகும்"னான்.

ஒரு மாசம்! எனக்கு எங்கேருந்துதான் அவ்வளவு சத்தம் வந்துச்சோ. "அந்த மாசத்துக்குள்ள இந்த மனுஷன் காலு போயிடும்டா! கேக்கு குடுக்கிறியா எனக்கு? நீங்க கெடுத்துத் தந்த சீட்டுடா அது! உங்ககிட்ட வர்ற வரைக்கும் நல்லா ஓடிக்கிட்டு இருந்த சீட்டுடா!" உள்ள சோபாவுல காபி குடிச்சுக்கிட்டு இருந்தவங்க எல்லாம் கண்ணாடிகிட்ட வந்து நின்னுட்டாங்க. கோட்டிக்காரின்னு நெனச்சிருப்பாங்க, நெனக்கட்டும்.

அந்தக் கூச்சல்லதான், பின்னால இருந்து சன்னமா ஒரு குரல். "ஏட்டி, செத்தக் கத்தாம இரு. கம்பு மாட்டிக்கிட்டு."

அவரோட கைத்தடி நழுவிக் கீழ விழுந்து, வளைஞ்ச கைப்பிடி முன் சீட்டுக்குப் பின்பக்கத்துக் கால்மிதி மேட்டுல மாட்டியிருக்கு. அவரு சாஞ்சபடியே இழுக்க, மேட்டு தூக்கிக்கிட்டு வந்துச்சு. அடியில சீட்டு ஓடுற தண்டவாளத்து இரும்புல கறுப்பா என்னமோ பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. எல்லாரும் முன்கதவு வழியாவே பாத்ததால யார் கண்ணுலயும் படலை. கைப்பிடியைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினாரு. 'கடக்'னு வந்து விழுந்துச்சு.

ஏழாம் நம்பர் தொப்பி.

மொத சர்வீசுல சீட்டை முன்னால தள்ளித் தூசி எடுத்தவன், கூரையில இருந்த தொப்பியை எடுத்துக் கீழ வச்சு மறந்திருக்கான். காந்தம் இரும்பைப் பாத்ததும் பிடிச்சுக்கிச்சு, அது மேலயே மேட்டைப் போட்டு மூடிட்டான். நான் லீவரைத் தூக்கித் தள்ளினேன். சீட்டு வெண்ணெயில வழுக்கின மாதிரி சர்ருன்னு பின்னால போச்சு.

ஒரு மன்னிப்பு வரும்னு பாத்தேன். செக்யூரிட்டிக்காரர் "மில் கயா, மில் கயா"ன்னு குதிக்கிறாரு. கிடைச்சுடுச்சாம். டை தம்பி முகத்துல அப்படி ஒரு வெளிச்சம். "மேடம், ஏழு!"ன்னு அதை வாங்கித் துடைச்சு, கைப் பழக்கத்துல எங்க வண்டிக் கூரையிலயே பச்சக்குன்னு வச்சான். "ஒரு வாட்டர் வாஷ் மட்டும்..."

"கழுவினே, கையை ஒடிச்சிருவேன்"ன்னேன்.

அவரைக் கைத்தாங்கலா இறக்கி, முன் சீட்டுல உக்கார வச்சேன். கால் சுகமா நீண்டுச்சு. கதவைச் சாத்திட்டுக் கேட்டைத் தாண்டி வந்துட்டேன். பின்னால யாரோ கத்திக்கிட்டு ஓடி வந்தாங்க. வரட்டும்.

மெயின் ரோட்டுக்கு வந்தோம். எனக்குக் கண்ணு ரெண்டும் ரோட்டுலயா இருந்துச்சு? பக்கத்துல அவரு உக்காந்திருக்காரான்னு பாத்துக்கிட்டே வந்தேன். அப்ப ராங் சைடுல ஒரு ஷேர் ஆட்டோ விருட்டுன்னு குறுக்க வந்துச்சு.

"ஏட்டி, பிரேக்கைப் போடுட்டி, மூதி!"

போட்டேன். அவரும் போட்டாரு. இல்லாத பிரேக்கை. வலது காலைச் சுருக்குன்னு இழுத்து, முட்டியை மடக்கி, ஓங்கி ஒரு மிதி. "யம்மா!"ன்னு அவரு போட்ட சத்தத்துல ஆட்டோக்காரனே பயந்துட்டான்.

ஓரமா நிறுத்தினேன். அவரு கண்ணுல தண்ணி. வலியா என்னன்னு தெரியலை, ரெண்டு கையாலயும் முட்டியைப் பிடிச்சுக்கிட்டு அதையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

"மடங்கிருச்சுட்டி"ன்னாரு.

போன் அடிச்சுச்சு. டை தம்பி. "மேடம், ஏழு உங்க வண்டி மேலேயே..." நான் கட் பண்ணிட்டேன். சேலைத் தலைப்பால மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டேன்.

அவரு மெதுவாக் காலை நீட்டி, தேஞ்ச அந்த மேட்டு மேல பாதத்தைச் சரியா வச்சுக்கிட்டாரு.

"வண்டியை எடு. கொஞ்சம் மோசமாவே ஓட்டு"ன்னாரு.