கூடை கழித்த எடை

நான்காவதாக வந்தவளுக்கு யாரும் கை தட்டுவதில்லை. போன வருடம் மாமல்லபுரத்தில் மாவட்டத் தேர்வு ஓட்டம் நடந்தது. பெண்களுக்குப் பத்து கிலோமீட்டர். முதல் மூன்று பேர் மாநிலப் போட்டிக்குப் போவார்கள். மூன்றாவதாக வந்தவளுக்கும் எனக்கும் நடுவில் நான்கே நொடி. கல்யாணமாகி, ஒரு பிள்ளை பெற்று, முப்பத்தொரு வயதில் இவ்வளவு ஓடியதே பெரிது என்று ஆளாளுக்கு ஆறுதல் சொன்னார்கள். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறுதல் வாங்கவா ஓடினேன்? மூன்றாம் இடத்துக்கு ஓடினேன். அடுத்த வருடம் அதை வாங்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

என் அக்கா திருவிடந்தையில் ஈ.சி.ஆர். சாலை ஓரமாக மீன் கடை வைத்திருக்கிறாள். எங்கள் பக்கம் ஆள் எடை பார்ப்பதும் அவள் கடைத் தராசில்தான். தரையில் கிடக்கிற பெரிய மின் தராசு அது. கூடையோடு மீனை வைத்தால் கம்பத்தின் மேல் எண் எரியும். பள்ளிக்கூட ஃபாரத்தில் எழுதப் பிள்ளையின் எடை கேட்டு வருகிற அம்மாக்கள், தொப்பை குறைந்ததா என்று பார்க்க வருகிற ஆட்டோக்காரர்கள், எல்லோரும் செருப்பை விட்டுவிட்டு அதில் ஏறுவார்கள். அக்கா மீன் ஆய்ந்துகொண்டே எண்ணைப் படித்துச் சொல்வாள். போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் எனக்கு நாற்பத்தொன்பது சொன்னாள்.

போட்டி முடிந்த மறுமாதம் கேளம்பாக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். கடை வாசலில் ஒரு எடை மிஷின். சேர்ந்த அன்றே ஏறிப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு! தூக்கிவாரிப்போட்டது. ஒரே மாதத்தில் மூன்று கிலோவா? உட்கார்ந்து வேலை பார்க்க ஆரம்பித்ததும் ஊதிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

காலையில் நான் சேர்ந்து ஓடுகிறவர்கள் ஐ.டி. கம்பெனிக்காரர்கள். அவர்களுக்கு எதற்கும் கணக்கு உண்டு. ஒரு கிலோ குறைந்தால் கிலோமீட்டருக்கு இத்தனை நொடி மிச்சம் என்று கைபேசியில் காட்டினார்கள். மூன்று கிலோவைப் போட்டுப் பார்த்தோம். பத்து கிலோமீட்டருக்கு அரை நிமிடத்துக்கு மேலேயே வந்தது. நான்கு நொடியில் தோற்றவளுக்கு அரை நிமிடம் என்றால் சும்மாவா?

அன்றிலிருந்து காலை டிபன் கிடையாது. மதியம் கொஞ்சம் சாதம், ராத்திரிக்கு ஒரு இட்லி. வீட்டுக்காரரிடம் கடையில் சாப்பிட்டேன் என்பேன், கடையில் இருப்பவர்களிடம் வீட்டில் சாப்பிட்டேன் என்பேன். அந்தக் கைபேசிக் கணக்கு முழுப் பொய்யாக இருந்திருந்தாலாவது தப்பித்திருப்பேன். முதல் ஒன்றரைக் கிலோ குறைந்தபோது நேரமும் பதினைந்து நொடி குறைந்தது. அந்த வாரம் முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதற்குப் பிறகுதான் சனியன் பிடித்தது. ஐம்பதுக்குக் கீழே போனதும் நேரம் ஏற ஆரம்பித்தது. கோவளம் போகிற வழியில் பாலத்து மேட்டைத் தாண்டுவதற்குள் கால் கெஞ்சும். சீவினால் கொத்துக் கொத்தாக முடி வந்தது. மாதவிலக்கு நின்று ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஓடுகிறவளுக்குத் தொல்லை விட்டது என்று அதற்கும் சந்தோஷப்பட்ட முட்டாள் நான். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரு வலி வந்து உட்கார்ந்துகொண்டது. வீட்டில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தேன். போன வருட எடைக்குப் போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கடைசியில் மருந்துக்கடை மிஷின் நாற்பத்தொன்பது காட்டியது. அன்று ஓடிய ஓட்டம் போன வருடத்தைவிட ஒரு நிமிடம் அதிகம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பல மாதம் கழித்து அக்கா கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. தராசிலிருந்து கூடையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, ஏறு என்று கையைக் காட்டினாள். ஏறினேன்.

“நாப்பத்தாறு காட்டுது. இன்னாடி ஆச்சு உனுக்கு?”

மருந்துக்கடையில் நாற்பத்தொன்பது காட்டுகிறதே என்றேன். அக்கா கத்தியைக் கீழே வைத்தாள்.

“அது சரியாத்தான் காட்டுது. இதுல கூடைய கழிச்சி வச்சிகீறேன். வெறுங்கூடையே மூணு கிலோ. மீன் விக்கிற தராசு வேற எப்டிடி இருக்கும்?”

அவளுக்கு அது ஒரு விஷயமே இல்லை. காலையில் கடை திறந்ததும் ஈரக் கூடையை வைத்துப் பொத்தானை அமுக்கிவிட்டால், அதற்குப் பிறகு தராசு நாள் முழுக்க மீனை மட்டும்தான் கணக்கில் எடுக்கும். வாங்குகிறவர்களை ஏமாற்றாமல் இருக்கத்தான் அப்படி. கூடை இல்லாமல் ஏறி நிற்கிற ஆளிடமும் அது மூன்று கிலோவைக் கழித்துக்கொள்ளும் என்று, ஏறிப் பார்த்த நாங்கள் யாரும் யோசித்ததில்லை. திருவிடந்தையில் பாதிப் பேர் தாங்கள் நினைத்துக்கொண்டிருப்பதைவிட மூன்று கிலோ கனம்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். போன வருடம் நான்காவதாக வந்த உடம்பு ஐம்பத்திரண்டு கிலோ உடம்பு. நான் ஒரு கிராம்கூட ஏறவே இல்லை. என்றைக்கும் இல்லாத ஒரு எடைக்குத் திரும்பிப் போகத்தான் இத்தனை மாதம் வயிற்றைக் காயப்போட்டிருக்கிறேன். முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை. அக்காவும் அழுதாள். தனக்குத் தெரிந்தது எனக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டதாகத் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளை நான் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பட்டினி கிடக்கச் சொன்னது அவள் இல்லையே.

தேர்வு ஓட்டத்துக்கு மூன்றரை மாதம் இருந்தது. செங்கல்பட்டில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். எலும்பு விரிசல் விடுகிற நிலையில் இருக்கிறது, ஒரு மாதம் ஓடக் கூடாது, வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். பட்டினி கிடந்தது எளிது, சாப்பிட்டதுதான் கஷ்டம். ஒவ்வொரு கவளமும் ஒரு நொடியாகத் தொண்டையில் நின்றது. ஆனாலும் விழுங்கினேன். ஒரு நாள் மருந்துக்கடையில் வேலையாக இருந்தபோது அடிவயிறு வலித்து, நின்றுபோனது திரும்ப வந்தது. பில்லைப் பாதியில் விட்டுவிட்டுப் பின்பக்கம் போய்ச் சந்தோஷத்தில் விம்மி விம்மி அழுதேன்.

எடை ஐம்பத்திரண்டைத் தாண்டி ஐம்பத்து மூன்றுக்கு வந்து நின்றது. திரும்பவும் ஓட வந்தபோது, சேர்ந்து ஓடுகிறவர்களில் ஒருவர், கொஞ்சம் ஏறிவிட்டீர்களே, போட்டி வருகிறதே என்று இழுத்தார்.

“ஏறுனது என் ஒடம்பு. தூக்கினு ஓடப்போறதும் நான்தான். உங்களுக்கு இன்னா பேஜாரு?” என்றேன்.

போட்டியன்று மாமல்லபுரத்தில் காற்றே இல்லை. ஏழு கிலோமீட்டர் வரை ஐந்தாவதாக ஓடினேன். எட்டாவதில் ஒருத்தியைத் தாண்டினேன். எனக்கு முன்னால் மூன்றாவதாகப் போனவள் போன வருடம் என்னை நான்கு நொடியில் தள்ளியவள்தான். இந்த வருடம் பாதியாக இளைத்திருந்தாள். தோள்பட்டை எலும்பு பனியனை முட்டிக்கொண்டு தெரிந்தது. அவள் கால் கெஞ்சுவது எனக்குப் பின்னாலிருந்தே தெரிந்தது. எனக்குத்தான் அது அத்துப்படி ஆயிற்றே. பாவமாக இருந்தது. அதற்காக வேகத்தைக் குறைக்கவில்லை. கடைசி அறுநூறு மீட்டரில் அவளைத் தாண்டினேன். என் தொடையில் இன்னும் தெம்பு இருந்தது. நான் தின்ற சோறு அது. மூன்றாவதாகக் கோட்டைத் தாண்டினேன். இத்தனை வருடத்தில் நான் ஓடியதிலேயே வேகமான ஓட்டம் அதுதான். சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை என்றால் மீன் கடையில் நிற்க நேரம் இருக்காது. அன்று அக்கா கடையைச் சாத்திவிட்டு வந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். முழங்காலில் கையை ஊன்றி நின்ற என்னைத் தூக்கி நிமிர்த்தினாள். கால் வலிக்கிறதா, தண்ணீர் வேண்டுமா, தலை சுற்றுகிறதா என்று மாற்றி மாற்றிக் கேட்டாள்.

“பசிக்குதுக்கா” என்றேன்.

மூன்றரை மாதமாக மணி பார்த்துத்தான் சாப்பிட்டேன். அதற்கு முன்பு பசித்தபோதெல்லாம் சாப்பிட்டாயிற்று என்று பொய் சொன்னேன். ஒரு வருடமாக என் வாயிலிருந்து வராத வார்த்தை அது. அக்கா அத்தனை பேர் நடுவில் என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.