வண்டிச் சத்தம்

எனக்குக் கோவம் மூக்கு நுனியில நிக்கும். வத்திராயிருப்புல டிராக்டர் மெக்கானிக் வேல்சாமின்னு கேட்டுப் பாருங்க, வேலை சுத்தம், வாய்தான் சரியில்லம்பாங்க. சொல்லிட்டுப் போகட்டும். இப்ப நான் சொல்ல வந்தது கான்சாபுரம் எலியேசர் அண்ணாச்சியப் பத்தி.

முப்பத்தோரு வருசம் ஒரே டிராக்டர ஓட்டுன மனுசன். சொந்த வண்டி, அதுதான் அவிய வீட்டுக்குக் கஞ்சி ஊத்துச்சு. சபையில அசன விருந்துன்னா அரிசி மூட்டையும் அண்டாவும் அவரு டிரெய்லர்லதான் போகும். கூமாப்பட்டியில அம்மன் கோயில் பொங்கல்னா தண்ணித் தொட்டியும் அதுலதான். ஆனா கடைசி ரெண்டு வருசமா, ரோட்டுல கூப்பிட்டாக்கூடத் திரும்பிப் பாக்க மாட்டாரு. தலைக்கனம் ஏறிப்போச்சுன்னு ஊருக்குள்ள பேசுனாங்க. நானும்தான் பேசுனேன்.

போன தை மாசம் என் பட்டறைக்கு வந்தாரு, கியர் பாக்ஸ் ஆயில் மாத்தணும்னு. மாத்திக் குடுத்தேன். பத்து நாள் கழிச்சு, கூமாப்பட்டி விஜயபாண்டி, டீக்கடையில வச்சு ஒரு கதை சொல்லிச் சிரிச்சான். அவன் தோப்புத் தேங்காய்க்கு எலியேசர் வண்டிதான். அன்னைக்கு வண்டி கரகரன்னு கத்திக்கிட்டு வந்திருக்கு. இவன், "அண்ணாச்சி, வண்டிச் சத்தம் ரொம்பக் கூடிப்போச்சே"ன்னிருக்கான். எங்க பக்கம் வண்டி வாடகையயும் சத்தம்னுதான் சொல்லுவோம். அவரு மூஞ்சி வாடிப்போயி, நமக்குள்ள என்னப்பா, முடிஞ்சதக் குடுன்னு வாடகையக் குறைச்சு வாங்கிட்டுப் போயிட்டாராம்.

கடையே சிரிச்சுச்சு. எனக்குச் சுருக்குன்னுச்சு. நான் ஆயில் மாத்துன வண்டி பத்து நாள்ல கத்துதுன்னா அசிங்கம் யாருக்கு? போன் போட்டேன், எடுக்கல. பைக்க எடுத்துக்கிட்டு நேரா கான்சாபுரம் போயி, வண்டியப் பட்டறைக்குக் கொண்டாங்கன்னு சொல்லிட்டு வந்தேன்.

அவரு வண்டியோட தெருமுனை திரும்பும்போதே, சத்தத்துலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நிப்பாட்டி வச்சு கிளச்ச மிதிச்சா சத்தம் அடங்குது, விட்டா திரும்ப வருது. அப்ப கோளாறு பாக்ஸுக்குள்ளதான். நீள ஸ்க்ரூ டிரைவர் நுனிய பாக்ஸ் மேல ஊன்றி, கைப்பிடியக் காதுல வச்சுக் கேட்டேன். பேரிங் நொறுங்கி, கியர் பல்லையும் தின்னுக்கிட்டிருந்துச்சு. எனக்குத் தலைக்கு மேல ஏறிருச்சு. இத்தனை நாளா இந்தச் சத்தத்தோடயா ஓட்டுனீக, மொத நாளே வந்திருந்தா பேரிங்கோட போயிருக்குமேன்னு தாம்தூம்னு குதிச்சேன்.

அவரு என் வாயவே பாத்துக்கிட்டு நின்னாரு. பொறவு கிட்ட வந்தாரு.

"எனக்கு ஒரு சத்தமும் கேக்கலையே தம்பி. ரெண்டு வருசமாச்சு. அன்னத்தாய்க்குக்கூட முழுசாத் தெரியாது. யார்ட்டயும் சொல்லிராத, வண்டியில ஏற விடமாட்டாங்க."

அன்னத்தாய் அவரு சம்சாரம். ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு அந்தம்மாகிட்டயே மறைச்சிருக்காரு. தலைக்கனம்னு பேசுனதை நினைச்சு எனக்கு வெக்கமாப் போச்சு.

அவரை டீ குடிச்சுட்டு வாங்கன்னு அனுப்பிட்டு, ஆயில இறக்கிப் பாக்க வண்டிக்கு அடியில படுத்தேன். ஆயில் இறக்குற ஓட்டைய அடைக்கிற டிரெய்ன் பிளக்குல ஸ்பேனர் வைக்கப் போறேன், அது கையோட சுத்திக்கிட்டு வருது. ஐயோன்னு ஆயிருச்சு. அன்னைக்குப் புது ஆயில் ஊத்துறதுக்கு முன்னால பிளக்கக் கையால திருகி வச்சேன். அந்நேரம் ஒரு போன் வந்துச்சு, எந்திரிச்சுப் போனேன். ஸ்பேனர் போட்டு இறுக்கவே இல்ல. போற வழியெல்லாம் ஆயில் சொட்டியிருக்கு. உள்ள பாதிகூட இல்ல, இருந்த கொஞ்சத்துலயும் இரும்புத்தூள் மினுமினுக்குது.

அவரு திரும்பி வந்து என்னாச்சுன்னு கேட்டாரு. பழைய வண்டி, பல்லு தேஞ்சுபோச்சுன்னேன். அப்படித்தான் சொன்னேன் நான். என் செலவுலயே சரிபண்ணித் தாரேன்னும் சொன்னேன். அவரு கையெடுத்துக் கும்பிட்டு, வேண்டாம்னுட்டாரு.

"இன்னைக்கு கியர் பல்லோட போச்சு. நாளைக்கு வண்டிக்குப் பின்னால ஒரு பிள்ள நின்னு கத்துனா எனக்குக் கேக்குமா? வேண்டாம் தம்பி. காது நல்லா இருந்திருந்தா மொத நாளே நிப்பாட்டியிருப்பேன். இது நான் செஞ்சது."

அன்னைக்கே அன்னத்தாய்கிட்டச் சொல்லிட்டாரு. அந்தம்மா அழுதுச்சாம். வண்டிய இருந்த நிலையிலயே ராஜபாளையத்துக்காரர் ஒருத்தர் வாங்கிட்டுப் போனாரு. பட்டறை வாசல்ல ஆயில் ஊத்தி அதக் கிளப்புறப்ப அண்ணாச்சி மட்கார்டு மேல உள்ளங்கைய வச்சு, அது அதிருறதப் பிடிச்சுக்கிட்டே நாலு எட்டு கூடவே நடந்தாரு. அதுக்கு மேல நடக்க முடியல அவரால.

இப்ப அண்ணாச்சி, விஜயபாண்டி தோப்புல தேங்கா உரிக்காரு. ஏன் இன்னமும் மறைக்கணும்னு போன வாரம் மனசக் கல்லாக்கிக்கிட்டுப் போனேன். வேற நாலு பேரும் அங்கன உக்காந்து உரிச்சுக்கிட்டிருந்தாங்க. அவரு பக்கத்துல குத்தவச்சு, "அண்ணாச்சி, அன்னைக்குப் பிளக்க இறுக்காம விட்டது நான்தான்"னு சொன்னேன்.

அவரு சிரிச்ச முகமா, காதுக்குப் பின்னால கைய வச்சாரு.

"செத்த சத்தமாச் சொல்லு தம்பி."

நாலு பேரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க.

"சாப்பிட்டீகளான்னு கேட்டேன், அண்ணாச்சி"ன்னு சத்தமாச் சொன்னேன்.

சாப்பிட்டாச்சுப்பா, நீ சாப்பிட்டியான்னு கேட்டாரு.