மீன் பார்க்கப் போன ஞாயிறு

1968 ஆகஸ்டு 18, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு பத்து. மழை விட்டுக் கால் மணி நேரம் ஆகியிருந்தது. ஃபோர்ட் கேனிங் மலையடிவாரப் பூங்காவில் புல் ஈரமாக இருந்ததால் அம்மா சேலையைத் தூக்கிப் பிடித்து நடந்தார். அப்பா, அம்மா, அத்தை, நான் என்று நான்கு பேருக்கு இரண்டு குடைகள். பக்கத்துச் சாலையிலுள்ள கோயிலில் கும்பிட்டுவிட்டுப் பூங்கா வழியாக மீன் காட்சியகத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

இன்று அந்தக் காட்சியகம் இல்லை. மலையில் வட்டப் படிக்கட்டுக்கு அடியில் படம் எடுத்துக்கொள்ள இளம் ஜோடிகள் வரிசையில் நிற்கிறார்கள். போன மாதம் எண்ணினேன், இருபத்திரண்டு பேர். யாராவது வழுக்கி விழுந்தால் என்ன செய்வது என்ற கவலையில் நான் மேலே ஏறவில்லை.

அன்று எனக்கு எட்டு வயது. அப்பாவின் தங்கையான அத்தை, மீன் பார்க்க மாம்பழ நிறப் பட்டு உடுத்தி வந்தது எனக்கு விநோதமாகப் படவில்லை. அவருக்கு மீன் என்றால் அவ்வளவு பிரியம் என்று நினைத்திருந்தேன்.

விஷயம் வேறு. ஃபேரர் பார்க்கில் நாங்கள் இருந்த வரிசை வீடுகளில், ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தால் அத்தனை வீட்டுக்கும் தெரிந்துவிடும். வேண்டாம் என்று போய்விட்டால் மறுநாள் சந்தையில் தலைகாட்ட முடியாது. அதனால் இரு வீட்டாரும் மீன் பார்க்க வந்த இடத்தில் தற்செயலாகச் சந்தித்துக்கொள்வார்கள். பிடிக்காவிட்டால், யாரும் யாரையும் பார்க்க வரவில்லை, மீனைத்தான் பார்த்தார்கள். கூட ஒரு சிறுவன் இருந்தால் சந்தேகமே வராது. அதற்குத்தான் நான்.

அத்தைக்கு அப்போது இருபத்தேழு வயது. இதுவும் அமையாவிட்டால் இனி எங்கும் வரமாட்டேன் என்று காலையில் அம்மாவிடம் சொல்லியிருந்தாராம்.

ஆமைத் தொட்டியருகே வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் தம் அக்காவுடன் நின்றிருந்தார்.

“அட, நீங்களா? எதிர்பார்க்கவே இல்லையே,” என்றார் அப்பா.

“நாங்களும் சும்மாதான் வந்தோம்லா,” என்ற அந்த அக்கா, என் கன்னத்தைத் தட்டினார். “என்னடா ராஜா, மொத தடவையா?”

“நாலாவது தடவை,” என்றேன். “எல்லாத் தடவையும் அத்தையும் வந்தாங்க. போன தடவை கண்ணாடி போட்ட மாமா ஒருத்தர் ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தாரு.”

அம்மா என் தொடையைக் கிள்ளினார். அப்பா ஆமையையே பார்த்தார். அத்தையின் முகம் தொட்டிக் கண்ணாடிக்கு மிக அருகில் போய்விட்டது. அந்த நேரத்தில் அவர்கள் கிளம்பியிருந்தால் அத்தை அதன்பிறகு எங்கும் வந்திருக்கமாட்டார்.

வெள்ளைச் சட்டைக்காரர் தொண்டையைச் செருமினார். “எனக்கு இது ஆறாவது தடவை.”

“டேய், சும்மா இருடா,” என்றார் அவர் அக்கா.

அத்தை திரும்பவில்லை. கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்: “அப்ப மீனுக்கெல்லாம் உங்களை நல்லா அடையாளம் தெரியும்.”

“உங்களையுந்தான்.”

அத்தை சிரித்தார். முந்தைய மூன்று தடவையும் அவர் அங்கே சிரித்ததில்லை.

எனக்கோ எரிச்சல். என்னைவிட இரண்டு தடவை கூடுதலாக ஒருவர் வந்திருக்கிறாரே. சோதித்துவிடலாம் என்று, “கடைசித் தொட்டியில எத்தனை கடற்குதிரை இருக்கு, சொல்லுங்க?” என்றேன்.

“கடற்குதிரை வேற இருக்கா?” என்றார். அம்மா மறுபடி கிள்ளினார்.

திரும்பும் பேருந்தில் பெரியவர்கள் மூவரும் காரணமில்லாமல் சந்தோஷமாக இருந்தார்கள். ஏமாந்துவிடக் கூடாதே என்று அத்தையை எச்சரித்தேன்.

“அந்த மாமா பொய் சொல்றாரு, அத்தே. ஆறு தடவை வந்தவருக்கு ஒரு மீன்கூடத் தெரியல.”

“ஆமாடா, நானும் கவனிச்சேன்,” என்றார் அத்தை, வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு. இதற்கும் ஒரு கிள்ளு விழுந்தது.

பொய்க்காரரை விட்டுவிட்டு, உள்ளதைச் சொன்னவனை ஏன் கிள்ளுகிறார்கள் என்று ஃபேரர் பார்க் வரும்வரை யோசித்தும் எனக்கு விளங்கவில்லை. அந்த வெள்ளைச் சட்டை மாமாவும் அத்தையும் இப்போது செங்காங் பேட்டையில் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். அன்று எனக்கு ஆன மொத்தச் செலவு, மூன்று கிள்ளு.